மசாக்கா மறைமாவட்டமும் அதன் பங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 3 அன்று திருப்பலியில் 'புனித சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும்' என்ற பெயர் வருகிறது. பூசை முடிந்து வெளியே வரும்போது பலருக்கு அது நினைவில் நிற்பதில்லை. யார் இவர்கள், எந்த ஊர், அந்த ஊரில் இன்றைக்குக் கோவில் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். உகாண்டா முழுவதையும் சொல்லப் போனால் கதை நீண்டுவிடும். அதனால் ஒரே ஒரு மறைமாவட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது மசாக்கா. அந்நிய மறைபணியாளர்கள் தொடங்கி வைத்ததை உள்ளூர் மக்கள் எப்படித் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்பது இங்கே தெரிவதுபோல வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பது என் எண்ணம்.

மசாக்கா எங்கே இருக்கிறது?

உகாண்டாவின் தெற்கில், விக்டோரியா ஏரிக்கு மேற்கே. தலைநகர் கம்பாலாவிலிருந்து தென்மேற்காகச் சுமார் 130 கிலோமீட்டர். போகிற வழியிலேயே பூமத்திய ரேகையைக் கடந்துவிடுவோம். வாழைத்தோட்டமும் காப்பித்தோட்டமும் நிறைந்த பூமி. காய்வாழையை இலையில் பொதிந்து அவித்து மசித்த மட்டோக்கேதான் அங்கே அன்றாடச் சாப்பாடு. புகாண்டா என்ற பழைய அரசின் ஒரு மாகாணமாக இருந்தது இந்தப் பகுதி. அந்த மாகாணத்தின் பெயர் புட்டு. (எழுதினால் நம் புட்டுதான். சொல்லும்போது 'ப', 'ட' இரண்டையும் 'பந்து', 'வண்டு' என்ற சொற்களில் வருவதுபோல அழுத்தாமல் சொல்ல வேண்டும்.) மறைமாவட்டத்தின் பேராலயம் மசாக்கா நகரை ஒட்டிய கிடோவுக் குன்றில் இருக்கிறது. வியாகுல மாதாவின் பெயரைத் தாங்கியது.

முதல் குருக்கள் யார்? எப்போது வந்தார்கள்?

1868-ல் ஆல்ஜியர்ஸ் நகரில் பேராயர் லவிஜெரி, ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். வட ஆப்பிரிக்க மக்கள் உடுத்துவதுபோல நீண்ட வெள்ளை அங்கி, கழுத்தில் மாலையாகத் தொங்கும் செபமாலை. அந்த அங்கியைப் பார்த்து எல்லாரும் 'வெள்ளைத் தந்தையர்' என்றே அழைத்தார்கள். மக்களோடு மக்களாக, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் மொழியைப் பேச வேண்டும் என்பது லவிஜெரியின் கட்டளை.

இந்தச் சபையின் முதல் குழு 1878-ல் கிழக்குக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்தது. ஒரு குரு வழியிலேயே இறந்தார். மீதிப் பேர் ஏரியின் தென்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து சிமியோன் லூர்தெல் என்ற குருவும் அமான்ஸ் என்ற சகோதரரும் மட்டும் ஒரு படகில் முன்னால் போனார்கள். 1879 பிப்ரவரி 17 அன்று இன்றைய என்டெபெ அருகே கிகுங்கு கரையில் இறங்கினார்கள். புகாண்டாவின் மன்னரைக் கபாகா என்பார்கள். அப்போது கபாகா முட்டேசா. அவர் சம்மதம் தந்த பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் மறைபணியாளர்கள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1877-ல், வந்துவிட்டிருந்தார்கள். அதற்கும் முன்பிருந்தே இஸ்லாம் அரண்மனைக்குள் இருந்தது.

'மபீரா' என்கிறார்களே, அது யார்?

லூர்தெல்தான். சக துறவியர் அவரைப் பிரெஞ்சில் 'மோன் பேர்', அதாவது 'என் தந்தையே' என்று அழைத்ததைக் கேட்ட பகாண்டா (புகாண்டா நாட்டு) மக்கள், அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'மபீரா' ஆக்கிக்கொண்டார்கள். ஜோசப் பெஸ்கி நம்மிடம் வீரமாமுனிவர் ஆனதும் நினைவுக்கு வருகிறது. மக்கள் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அவர் அந்நியர் இல்லை. லூர்தெல் 1890 மே மாதம் இறந்தார். அப்போது அவருக்கு 40 வயதுகூட நிறையவில்லை.

வந்ததும் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குக் கொடுத்தார்களா?

இல்லை. லவிஜெரி வகுத்த விதி கடுமையானது: குறைந்தது நான்கு ஆண்டு மறைக்கல்வி முடிந்த பிறகே திருமுழுக்கு. முதல் சிலருக்கு மட்டும் 1880 மார்ச் 27, புனித சனிக்கிழமை அன்று கொடுத்தார்கள். அப்புறம் விதி இறுக்கமாகவே கடைப்பிடிக்கப்பட்டது.

இந்தக் காத்திருப்பால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. மறைக்கல்வி என்றால் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றால்தான் மறைக்கல்விப் பாடத்தில் நகர முடியும். அதனால் கிறிஸ்தவத்தை நாடி வந்தவர்களை மக்கள் 'அபசோமி' என்றே அழைத்தார்கள். வாசிப்பவர்கள் என்று பொருள். அரண்மனையில் எடுபிடி வேலை பார்த்த சிறுவர்கள் இரவில் ஒளிந்து எழுத்துக் கற்றார்கள். ஒருவன் கற்றால் அவன் அடுத்தவனுக்குச் சொல்லித் தருவான். குரு இல்லாத இடத்திலும் பாடம் நின்றுவிடாமல் நடந்தது இதனால்தான்.

நடுவில் குருக்கள் ஓடிவிட்டார்கள் என்பது உண்மையா?

வெளியேறினார்கள் என்று சொல்வதுதான் நியாயம். அரசவையின் போக்கு பாதுகாப்பாக இல்லை என்று கருதி 1882 நவம்பரில் ஏரியின் தென்கரையில் உள்ள புகும்பிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தது 1885 ஜூலையில், புதிய கபாகா முவாங்கா அழைத்த பிறகு.

கிட்டத்தட்ட மூன்று ஆண்டு அந்த நாட்டில் ஒரு குருகூட இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. தொடங்கி மூன்றே வருடமான, கைக்குழந்தை போன்ற திருச்சபை. அது கலைந்து போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்த குருக்கள் பார்த்தது முன்பைவிட அதிகமான மறைக்கல்வி மாணவர்களை. அரண்மனையில் ஜோசப் முகாசா பலிகுட்டெம்பே, வாத்தியக் குழுத் தலைவர் அந்திரேயா கக்வா, கிராமப்புறமான மிட்டியானாவில் மத்தியாசு கலெம்பா முலும்பா என்று குருக்கள் அல்லாத பொதுநிலையினரே கூட்டங்களை நடத்தினார்கள், மறைக்கல்வி சொல்லித் தந்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் உகாண்டா திருச்சபையின் பிறந்தநாள் 1879 என்பதைவிட இந்த மூன்று வருடம் என்றே சொல்வேன்.

மறைச்சாட்சிகளின் கதை சுருக்கமாக?

1885 அக்டோபரில் ஆங்கிலிக்கன் ஆயர் ஹானிங்டன், கபாகாவின் ஆணைப்படி கொல்லப்பட்டார். அது தவறு என்று கபாகாவின் முகத்துக்கு நேரே சொன்னவர் ஜோசப் முகாசா. அரண்மனைச் சிறுவர்களைக் கபாகாவின் தகாத ஆசையிலிருந்து காத்ததும் அவர்மேல் சினம் வரக் காரணம். 1885 நவம்பர் 15 அன்று அவரைத் தலைவெட்டினார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் சார்லஸ் லுவாங்கா. புட்டு மாகாணத்தில் வளர்ந்த இளைஞர் அவர்.

1886 மே மாதம் கிறிஸ்தவர்கள்மேல் கபாகாவின் சினம் மீண்டும் வெடித்தது. விடிந்தால் சாவு என்று தெரிந்த இரவில், இன்னும் திருமுழுக்குப் பெறாத சிறுவர்களுக்கு லுவாங்காவே திருமுழுக்குக் கொடுத்தார். அவர்களில் கிசிட்டோவுக்குச் சுமார் 14 வயது. ஜூன் 3, ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாள். கம்பாலாவுக்கு அருகே நமுகோங்கோவில் அவர்களை நாணல் பாயில் சுருட்டிக் கட்டி விறகின் மேல் கிடத்தினார்கள். லுவாங்காவைத் தனியே பிரித்து, காலிலிருந்து தொடங்கி மெதுவாக எரித்தார்கள். கத்தோலிக்கர் 22 பேர் புனிதராகப் போற்றப்படுகிறார்கள். அதே காலத்தில் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்களும் பலர் உயிரைக் கொடுத்தார்கள். 1964-ல் 22 பேருக்கும் புனிதர் பட்டம் அளித்தபோது, திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்களையும் மறவாமல் குறிப்பிட்டார்.

அப்படியானால் மசாக்கா ஏன் கத்தோலிக்கக் கோட்டை ஆனது?

இதற்கான பதில் ஆன்மிகம் மட்டும் அல்ல. சண்டையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது.

1888-ல் முவாங்கா பதவி இழந்தார். பிறகு முஸ்லிம் பிரிவு ஆட்சியைப் பிடித்தது. கத்தோலிக்கர், புரோட்டஸ்டாண்டு இருவரும் மேற்கே அங்கோலேவுக்குத் தப்பி ஓடினார்கள். சேர்ந்தே திரும்பி வந்து சேர்ந்தே வென்றார்கள். வென்றதும் பதவிகளைப் பங்கிடுவதில் பிளவு. கத்தோலிக்கருக்குப் 'பிரெஞ்சுக் கட்சி', மற்றவர்களுக்கு 'ஆங்கிலேயக் கட்சி' என்று பெயரே வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் அதிகாரி லூகார்ட் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியோடு கம்பாலாக் குன்றில் அமர்ந்திருந்தார். 1892 ஜனவரி 24 அன்று கபாகாவின் தலைநகரான மெங்கோவில் இரு தரப்பும் மோதின. லூகார்டின் துப்பாக்கி புரோட்டஸ்டாண்டு பக்கம் நின்றது. பக்கத்து ருபாகாக் குன்றில் இருந்த கத்தோலிக்க மறைப்பணித்தளம் தீக்கிரையானது.

தோற்றவர்கள் தெற்கே ஓடினார்கள். அந்த ஆண்டே நடந்த உடன்பாட்டில் புட்டு மாகாணம் கத்தோலிக்கருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வேறு சில பகுதிகளும் கிடைத்தன. அலெக்சிஸ் செபோவா என்ற கத்தோலிக்கத் தலைவர் புட்டுவின் மாகாணத் தலைவரானார். அந்தப் பதவிக்குப் 'பொக்கினோ' என்று பெயர். வீடு வாசல் இழந்து வந்த குடும்பங்கள் ஒரே இடத்தில் குவிந்தன. அந்தக் குவியலிலிருந்துதான் மசாக்காவின் பங்குகள் முளைத்தன. ஏதிலியர் முகாம் ஒன்று மறைமாவட்டமாக வளர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முதல் பங்கு எது?

வில்லா மரியா. மரியாவின் இல்லம் என்று பொருள். 1892-ல் ஹென்றி ஸ்ட்ரைஷர் என்ற இளம் குரு இதைத் தொடங்கினார். அவர் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பிறந்தவர். உகாண்டாவுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1897-ல் ஆயரானார், 1933 வரை ஆயராகவே இருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. வில்லா மரியாவிலேயே வாழ்ந்து 1952-ல் கண்மூடினார். அவருடைய முழு எண்ணமும் ஒன்றே: இந்த நாட்டுக்கு இந்த நாட்டுக் குருக்கள் வேண்டும்.

வில்லா மரியாவிலிருந்து கிளைத்து அக்கம்பக்கத்தில் புதிய பங்குகள் எழுந்தன. பிகிரா என்ற பங்கின் பெயர் அவர்கள் மொழியில் 'கன்னி மரியா' என்பதிலிருந்து வந்தது.

பங்கு என்றால் நம் ஊர்ப் பங்கு போலத்தானா?

பெரும்பாலும் ஆம். நடுவில் பங்குக் கோவில், பங்குத்தந்தை, பள்ளிக்கூடம். சுற்றிலும் கிளை ஊர்கள். ஒவ்வொரு கிளை ஊருக்கும் ஓர் உபதேசியார். குரு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவார், சாகக் கிடப்பவருக்குத் திருமுழுக்குக் கொடுப்பார், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித் தருவார். நம் கடற்கரை ஊர்களில் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மந்திரம் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வித்தியாசம் ஒன்று: அங்கே மணிக்குப் பதில் முரசு. குன்றின் மேலிருந்து அடித்தால் வாழைத்தோட்டங்களைத் தாண்டிப் பல மைல் கேட்கும்.

திருமுழுக்குக்கு முந்தைய கடைசி மாதங்களில் மறைக்கல்வி மாணவர்கள் பங்குத்தளத்திலேயே வந்து தங்கிப் படிப்பார்கள். வீட்டு வேலை, வயல் வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சோற்றுக்கு வழியைத் தாங்களே பார்த்துக்கொண்டு. இவ்வளவு செலவு செய்து பெற்ற நம்பிக்கையை யாரும் லேசில் விடவில்லை.

மில் ஹில் தந்தையர் என்று வேறொரு சபையும் உண்டாமே?

உண்டு. கத்தோலிக்கம் என்றால் பிரெஞ்சுக்காரர் மதம் என்ற பேச்சை முறிக்க, இங்கிலாந்தைச் சேர்ந்த இந்தச் சபைக்கு உகாண்டாவின் கிழக்குப் பகுதி கொடுக்கப்பட்டது. 1895-ல் வந்து கம்பாலாவின் சம்பியாக் குன்றில் அமர்ந்தார்கள். மசாக்கா அவர்கள் எல்லைக்குள் வரவில்லை.

பெண்களின் பணி என்ன?

பெரிது, ஆனால் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1886-ல் மிட்டியானாவில் கொல்லப்பட்ட நோவா மவகாலியின் தங்கை முனாக்கு, அண்ணன் இறந்த பின் தன்னை முழுவதும் கடவுளுக்கே கொடுத்து வாழ்ந்தார். மணம் முடிக்காமல் வாழும் பெண் என்பதே அந்தச் சமூகத்தில் புதிது.

1899-ல் லவிஜெரி தொடங்கிய பெண் துறவியர் சபையான வெள்ளைச் சகோதரிகள் வந்தார்கள். பங்குத்தளத்தில் சமைத்தும் தோட்டம் பார்த்தும் மறைக்கல்வி சொல்லியும் உதவிய இளம்பெண்கள் சிலர் தாங்களும் துறவியாக விரும்பினார்கள். அவர்களைப் பயிற்றுவித்தவர் நெதர்லாந்துச் சகோதரியான அன்னை மெக்டில்ட். இப்படி 1910-ல் உருவானது 'பன்னபிகிரா' சபை, கன்னி மரியாவின் மகள்கள். தலைமை மடம் வில்லா மரியாவுக்கு அருகே பவாண்டாவில் இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ளூர்ப் பெண்களுக்காக எழுந்த ஆரம்பகாலச் சபைகளில் ஒன்று இது.

உள்ளூர்க் குருக்கள் எப்போது வந்தார்கள்?

குருமடம் 1893-லேயே தொடங்கிவிட்டது. அதாவது வில்லா மரியா தொடங்கிய மறு ஆண்டே. அப்போது குருமடத்துக்கு ஆள் எடுக்க முழுதாக ஒரு தலைமுறைக் கிறிஸ்தவர்கூட இல்லை. பிறகு சிறு குருமடம் புகலாசாவிலும், 1911-ல் பெரிய குருமடம் கட்டிகோண்டோவிலும் அமைந்தன. இலத்தீன், மெய்யியல், இறையியல் எல்லாம் ஐரோப்பாவில் எப்படியோ அப்படியே. ஒரு படிகூடக் குறைத்துக் கொடுக்க ஸ்ட்ரைஷர் சம்மதிக்கவில்லை. அதனால் போனவர்களில் பெரும்பாலோர் பாதியில் திரும்பினார்கள். அதைக் காட்டி, ஆப்பிரிக்கருக்கு இது ஒத்துவராது என்று பேசியவர்களும் இருந்தார்கள்.

20 ஆண்டு கழித்து, 1913 ஜூன் 29 அன்று வில்லா மரியாவில் பசிலியோ லுமு, விக்டர் முகாசா என்ற இருவர் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். உகாண்டாவின் முதல் குருக்கள் இவர்கள்தான். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

புகலாசாவிலிருந்து 1911-ல் 'முன்னோ' என்ற இதழும், பகாண்டா மக்களின் மொழியான லுகாண்டாவில், வெளிவரத் தொடங்கியது. நண்பன் என்று பொருள். பல பத்தாண்டுகள் ஓடிய இதழ். சர்வாதிகாரி இதி அமீன் காலத்தில், 1973 ஜனவரியில், அதன் ஆசிரியரான கிளெமென்ட் கிகுண்டு என்ற குரு கொல்லப்பட்டார்.

ஜோசப் கிவானுகா ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

1939 மே மாதம் மசாக்கா தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிக்கப்பட்டு, முழுக்க முழுக்க ஆப்பிரிக்கக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயராக கிவானுகா. அக்டோபர் 29 அன்று ரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பல நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு பேரை ஒரே நாளில் ஆயர்களாக்கினார். அவர்களில் ஒருவர் கிவானுகா, 40 வயது. ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இனவெறி கொடிகட்டிப் பறந்த நேரத்தில் அந்தத் திருச்சடங்கு சொன்ன செய்தி யாருக்கும் புரியாமல் இருந்திருக்காது.

'முதல் ஆப்பிரிக்க ஆயர்' என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பழங்காலத்தில் அகுஸ்தீனாரே ஆப்பிரிக்க ஆயர்தான். 16-ஆம் நூற்றாண்டில் கொங்கோ இளவரசர் ஹென்றிக் ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில், ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் முதல் கறுப்பின ஆயர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

நமக்கு இதில் ஓர் உறவு உண்டு. 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்தபோது அங்கே ஆயரானவர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. நவீன காலத்தில் இலத்தீன் முறையின் முதல் இந்திய ஆயர். அங்கே தூத்துக்குடி, பதினாறு ஆண்டு கழித்து ஆப்பிரிக்காவில் மசாக்கா. உள்ளூர்க்காரரை நம்பி ஒப்படைக்கும் பாதையில் இரண்டுமே முன்னால் நடந்த ஊர்கள்.

ஆயராகி அவர் என்ன செய்தார்?

குருக்களை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பினார். அவரே ரோமையில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: பங்குகளில் பொதுநிலையினர் மன்றங்களை அமைத்தார், அவற்றுக்கு மக்களே ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி விஷயங்களில் பெற்றோர் சங்கங்களுக்குக் குரல் கொடுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) இதையெல்லாம் பேசுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. குருக்கள் இல்லாத மூன்று வருடத்தைத் தாங்கிப் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது அந்நியமாகப் பட்டிருக்காது.

1953-ல் மசாக்கா முறைப்படி மறைமாவட்டமானது. 1960-ன் முடிவில் கிவானுகா ருபாகாவின் பேராயரானார். 1966-ல் இறந்தார். அவருக்குப் பின் மசாக்காவை ஏட்ரியன் டுங்கு, ஜான் பாப்டிஸ்ட் கக்வா ஆகியோர் வழிநடத்தினார்கள். 2019 முதல் செவெருஸ் ஜும்பா ஆயராக இருக்கிறார்.

மசாக்காவிலிருந்து வெளியே யாரும் மறைப்பணிக்குப் போனார்களா?

நிறையப் பேர். 1900-ல் ருவாண்டாவில் முதல் மறைப்பணித்தளம் தொடங்கப்பட்டபோது வெள்ளைத் தந்தையரோடு பகாண்டா உபதேசியார்களும் போனார்கள். யோகானா கிட்டகானா என்பவரின் கதை தனி. புட்டுவில் தலைவராக இருந்தவர், பல மனைவியர் உள்ளவர். திருமுழுக்குக்காக அந்த வாழ்க்கையை விட்டார். பிறகு பதவியையும் துறந்து, கையில் செபமாலையோடு மேற்கு உகாண்டா முழுக்க நடந்தே போய் மறைக்கல்வி சொன்னார். தென்மேற்கு மூலையான கிகேசிப் பகுதியின் திருச்சபைக்கு வித்திட்டவர் அவர். 1938-ல் இறந்தார். வெளிநாட்டுக் குருக்களின் படங்கள் இருக்கும் அளவுக்கு இவரைப் போன்றவர்களின் படங்கள் நம் கண்ணில் படுவதில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

போரும் எய்ட்ஸும் மசாக்காவைப் பாதித்தனவா?

கடுமையாக. 1979-ல் அமீனை விரட்ட வந்த தான்சானியப் படை மசாக்கா நகரின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. அது ஆறுவதற்குள் 1982-ல் தெற்கே ராக்காய்ப் பகுதியின் கசென்செரோ என்ற மீனவர் துறையில் இனம்புரியாத நோயால் மக்கள் மெலிந்து சாகத் தொடங்கினார்கள். அதுவே எய்ட்ஸ். கிழக்கு ஆப்பிரிக்காவில் முதலில் மிகக் கொடூரமாக அடிபட்ட இடங்களில் இந்த மண்ணும் ஒன்று. பெற்றோர் போய், பாட்டிகள் பேரப்பிள்ளைகளை வளர்த்த வீடுகள் வரிசையாக இருந்தன.

கிடோவுக் குன்றில் 1955-ல் அயர்லாந்துச் சகோதரிகள் தொடங்கிய மருத்துவமனை உண்டு. நோயாளிகள் குன்றேறி வர முடியாத நிலை வந்ததும், 1987-ல் அங்கிருந்து நடமாடும் வீட்டுப் பராமரிப்பு தொடங்கியது. செவிலியர் வண்டியில் மருந்தோடு கிராமம் கிராமமாகப் போவார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று சொல்ல ஒவ்வொரு ஊரிலும் தன்னார்வலர்கள் இருந்தார்கள். கிளை ஊர்களாகப் பிரிந்து, ஊருக்கு ஊர் பொறுப்பாளர் வைத்துப் பழகிய பங்குகளுக்கு இந்த ஏற்பாடு கைவந்ததாகவே இருந்தது.

இன்று போனால் எதைப் பார்க்க வேண்டும்?

வில்லா மரியாக் கோவிலை முதலில் பாருங்கள். செங்கல்லால் ஆன பெரிய பழைய கோவில். பிறகு பவாண்டா மடம், கட்டிகோண்டோ குருமடம், கிடோவு பேராலயம். முடிந்தால் மே மாதக் கடைசியில் போங்கள். ஜூன் 3 திருவிழாவுக்காக மசாக்கா மக்கள் கூட்டமாகப் புறப்பட்டு நமுகோங்கோவுக்கு நடந்தே போவார்கள். பல நாள் நடை. முதியவர்கள் கையில் ஒரு கோல், தோளில் பாய், போகிற வழியில் பங்குக் கோவில்களில் தங்கல். வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களுக்கு அந்தச் சாலையில் மொழி தெரியாமலே பேச்சுத்துணை கிடைத்துவிடும்.